அஃபான் குப்புற விழுந்த நாள்

மாசாணியம்மாள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர்களிலேயே வெள்ளை மனசுக்காரி அவள்தான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைப் பேசும் வித்தை அவளுக்குக் கைவரவில்லை. மற்ற எல்லோருக்கும் அது நன்றாகவே கைவந்திருந்தது என்பது ஜன்னத்துக்கு அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில்காரர்களின் டிரஸ்ட் நடத்திய தாய்மார் வகுப்பு அது. தொண்ணூற்று நான்காம் வருடம். புதன்கிழமை காலைகளில் நடக்கும். கோரைப்பாய்களை விரித்து, அம்மாக்கள் வட்டமாக உட்கார்ந்து, பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது, தலை நிற்கவும் குப்புற விழவும் உட்காரவும் தவழவும் எப்படிக் கைகொடுப்பது என்று கற்றுக்கொள்வார்கள். சொல்லிக்கொடுத்தவள் ராமாமணி. பிசியோதெரபி படித்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். “நாள் பூராத் தூளியிலயே போட்டு ஆட்டிட்டு இருந்தா புள்ளைக்கு முதுகு எப்படீங்க உறுதியாகும்? தரையில உடுங்க, குப்புறப் போடுங்க, அது பாட்டுக்கு மல்லுக்கட்டட்டும்” என்று அவள் சொன்னால் மாமியார்கள்கூட மறுத்துப் பேச மாட்டார்கள். அதட்டிச் சொல்வது அவளுக்குத் தெரியாது. எதையும் சர்க்கரை தடவித்தான் சொல்வாள்.

அன்று மாசாணியம்மாளுக்கு முதல் நாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி, இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். மகள் ரித்திகாவுக்கு எட்டு மாதம் முடிந்தும் உட்கார வரவில்லை. குழந்தையிடம் குறை ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து தூளியும் இடுப்புமாகவே வளர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். ராமாமணி ஜன்னத்தைக் கூப்பிட்டு, “அம்மணி, இவங்களுக்கு நீங்களே காட்டிக் குடுங்க. உங்க கை வந்தாச் சரியா இருக்கும்” என்றாள். ஜன்னத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தன் மகன் அஃபானைப் பக்கத்துப் பாயில் உருட்டுத் தலையணைமேல் சாய்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு துண்டைச் சுருட்டி ரித்திகாவின் நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் படுக்கவைத்தாள். குழந்தை முனகிற்று. முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டியதும் அழுகையை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மாசாணியம்மாள் கண் கலங்கிவிட்டாள். “எம்புள்ள ஒக்கார மாட்டீங்குதுன்னு நான் ஊட்டுக்குள்ளயே அழுதுட்டுக் கெடந்தேனுங்க்கா. மேடம்தான் ஊட்டுக்கே வந்து சொன்னாங்க. இதுக்குப் போயி அழுவறயே அம்மணி, எங்க கிளாசுக்கு ஒரு அம்மா வருது, அந்தம்மா பையனுக்குப் பொறக்கறப்பவே மூளையில அடிபட்டுப்போச்சு, சி.பி.ன்னு பேரு, நடப்பானா மாட்டானான்னே சொல்ல முடியாது, அந்தம்மா மூஞ்சியில சிரிப்புக் கொறஞ்சு நான் பாத்ததே இல்லேன்னு சொன்னாங்க. அதக் கேட்டப்பறந்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு.”

ஜன்னத்துக்கு ‘ஐயோ’ என்றிருந்தது. கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். சுவரோரம் இரட்டைப் பிள்ளைக்காரி. ஜன்னலடியில் மில் வாட்ச்மேனின் மருமகள். அவள் பையன் பாயை விட்டுத் தவழ்ந்து ஓட, இவள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். யாருடைய பிள்ளை? யாருக்கு இப்படி ஒரு சோதனை? பாவம், வெளியே காட்டிக்கொள்ளாமல் நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டு இருக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

“எந்தம்மாங்க அது? எனக்குத் தெரியலியே” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மாசாணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜன்னத் பெருந்தன்மையாகத் தன்னை மறைத்துப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். “போங்க்கா, வெளையாடாதீங்க. நீங்கதான அது?”

ஜன்னத் ரித்திகாவின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. குழந்தை நன்றாகத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகு இளக்கமாக, சூடாக, விரல் வைத்த இடமெல்லாம் வளைந்து கொடுத்தது. அஃபானின் முதுகு இப்படி இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வாகு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அஃபான் பிறந்தபோது உடனே அழவில்லை. நர்ஸ் காலைப் பிடித்துத் தட்டி, மூக்கை உறிஞ்சி, வெகுநேரம் கழித்துத்தான் அழுதான். அது ஜன்னத்துக்குத் தெரியும். அழுதுவிட்டான் அல்லவா, அதோடு அவள் அதை மறந்துவிட்டாள். ஆறு மாதத்தில் தலை நிற்கவில்லை. கை எப்போதும் கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கிக்கொண்டே இருந்தது. துணி மாற்றக் காலை விரித்தால் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போட்டுக்கொண்டு விறைத்தான். கோட்டைமேட்டுக்காரர்கள் எல்லோரும் போகும் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்து, சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்து, பையனுக்குப் பசிக்கிறது, வெளியே உட்கார்ந்து பால் கொடு என்று அவளை அனுப்பினார். கணவன் சஹீர் உள்ளே இருந்தான். அவன் வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தான். சட்டைக் காலர் நனைந்திருந்தது. என்னங்க என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல ஜன்னத்து. உடம்பு கொஞ்சம் இறுக்கமாம். அம்மா கையால பயிற்சி குடுத்தா எல்லாம் சரியாயிருமாம். பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு கிளாசு இருக்காம்” என்றான்.

அம்மா கையால. அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை விடிந்தால் கோட்டைமேட்டிலிருந்து காந்திபுரம், காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டு டவுன் பஸ். காந்திபுரம் வரை சஹீர் வந்து பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்புவான். அவனுக்கு மெத்தைக் கடை. இலவம் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பான். ராமாமணி சொன்ன அளவில் மகனுக்கென்று உருட்டுத் தலையணை ஒன்று அவனே தைத்தான். மற்ற அம்மாக்களுக்குச் சுருட்டிய துண்டே போதும் என்ற ராமாமணி, ஜன்னத்துக்கு மட்டும் தலையணை வேண்டும் என்றாள். மற்றவர்களுக்குச் சொல்லாத பயிற்சிகளைச் சொன்னாள். இடுப்பில் வைக்கும்போது காலை அகட்டி வை, முஷ்டியைப் பிரிக்க விரலை இழுக்காதே, கட்டைவிரலின் அடியைப் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவா என்று ஒவ்வொன்றையும் தனியாக உட்கார்ந்து காட்டிக் கொடுத்தாள். வகுப்பிலேயே நன்றாகச் செய்கிறவள் நாம், அதனால்தான் டீச்சர் கூடுதலாகக் கற்றுத் தருகிறாள் என்று ஜன்னத் நம்பினாள். வாத்தியாருக்குப் பிடித்த பிள்ளை எந்த வகுப்பிலும் அப்படித்தானே நினைக்கும்?

ஆனால் தனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் உட்கார்ந்தன, தவழ்ந்தன, சுவரைப் பிடித்து நின்றன, வகுப்பை விட்டும் போயின. அஃபான் தலையணையிலேயே கிடந்தான். “நான் ஏதாச்சும் தப்பாச் செய்யறனாங்க?” என்று ராமாமணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ராமாமணி அவள் தோளைத் தட்டி, “நீங்க செய்யறது கரெக்ட்தானுங்க அம்மணி. இன்னும் கொஞ்சம் விடாமச் செய்யுங்க” என்பாள். அந்த ‘இன்னும் கொஞ்ச’த்தை ஜன்னத் வீட்டுக்குச் சுமந்து வந்தாள். விடியலில் பஜ்ர் தொழுகை முடிந்ததும் பயிற்சி, சோறு வடித்ததும் பயிற்சி. அந்தியூரில் தங்கை ரம்ஷாவின் நிக்காஹ்வுக்கு விருந்தாளி மாதிரிப் போய் அன்றைக்கே திரும்பினாள். மாமி, சஹீரின் அம்மா, ஒரு நாள் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எம்மவன் இந்த வயசுல ஊட்டையே தலைகீழாக் கவுத்தான். புள்ள வளக்கத் தெரியோணும்” என்றாள். உள்ளே சஹீர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான். சரி, மாமி சொல்வதிலும் என்ன தப்பு, என் கைதான் சரியில்லை என்று ஜன்னத் தன்னையே நொந்துகொண்டு அடுப்படிக்குள் போனாள்.

பிறகு அந்த நாள் வந்தது. குளிக்கவைத்துப் பாயில் போட்டிருந்தாள். பால் வரத் தாமதமானது. அஃபான் கோபத்தில் கத்தி, தலையைப் பின்னால் எறிந்து, உடம்பை வில்லாக வளைத்து ஒரே துள்ளலில் குப்புற விழுந்தான். மூக்கு பாயில் நசுங்கி வீறிட்டான். ஜன்னத் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து கொடுப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. ஐந்து மாதத்தில் விழுந்த பிள்ளைக்கே கொடுப்பார்கள், பத்து மாதத்துக்கும் மேல் காக்கவைத்தவனுக்குக் கொடுக்காமல் இருப்பாளா? மாவு இடித்து, தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் வைத்து, இட்லிச் சட்டியில் ஈடு ஈடாக அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். மாமியே முதல் கொழுக்கட்டையைப் பேரனின் உதட்டில் தொட்டு எடுத்தாள். சஹீர் கடையிலிருந்து வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னொன்று வைக்கட்டுமா என்றதற்குத் தட்டை நீட்டினான்.

அந்தப் புதன்கிழமை ஒரு சம்படம் நிறையக் கொழுக்கட்டை பெரியநாயக்கன்பாளையம் போயிற்று. எல்லா அம்மாக்களும் எடுத்துக்கொண்டார்கள். “எப்படீங்க உழுந்தான்?” என்று ராமாமணி கேட்டாள். ஜன்னத் கையை வளைத்து அவன் துள்ளியதை அப்படியே காட்டினாள். ராமாமணி ஒரு கணம் பார்த்துவிட்டு, “அப்படீங்களா” என்று கொழுக்கட்டையைக் கடித்தாள். நல்லா இருக்குதுங்க என்று இன்னொன்றும் எடுத்தாள். பிறகு வகுப்பு முடியும்போது தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் அவனை அப்படிப் பின்னால் வளைய விடாதீர்கள், வளைந்தால் உடனே முட்டியை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள் என்றாள். தெருவே கொண்டாடியதை எதற்கு நிறுத்தச் சொல்கிறாள் என்று ஜன்னத்துக்குப் புரியவில்லை. டீச்சர் சொன்னால் காரணம் இருக்கும் என்று தலையாட்டினாள்.

இப்போது அத்தனையும் புரிந்தது. எல்லாம் அவள் கண்ணெதிரேதான் நடந்திருந்தது, ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்து அம்மாக்கள் போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. ராமாமணி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“சி.பி.ன்னா என்னங்க?” என்று ஜன்னத் கேட்டாள்.

பாய் பாதியில் நின்றது. ராமாமணி வாசலைப் பார்த்தாள். மாசாணியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். “அந்தப் புள்ள என்ன சொல்லுச்சுங்க?”

“அது சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

ராமாமணி எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறந்ததும் மூச்சு வரத் தாமதமானதில் மூளையில் ஒரு பகுதி அடிபட்டிருக்கிறது, அதனால்தான் கை கால் இறுக்கம், புத்தியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, இது மருந்தில் போவதல்ல, பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறலாம் என்று சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடியதாக அது இருந்ததுதான் ஜன்னத்துக்குத் தாங்கவில்லை.

“உங்க ஊட்டுக்காரருதானுங்க மொத நாளே வந்து கையெடுத்துக் கும்புட்டாரு. பால் குடுக்கறவ, இதக் கேட்டா நெஞ்சு ஒடஞ்சு பால் வத்திப்போயிரும், புள்ளைக்கு அந்த ஒண்ணும் இல்லாமப் போயிரும், பால் மறக்கற வரைக்கும் சொல்லாதீங்கன்னாரு. எனக்கும் சரின்னு பட்டுதுங்க. அப்பறம் இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு... உங்க மொகத்தப் பாத்தா வாய் வருலீங்க அம்மணி.”

“மாசாணிகிட்ட வந்துச்சே.”

“பேருச் சொல்லலீங்க.”

“பேருச் சொல்லாமயே அந்தப் புள்ள வந்த மொத நாளே என்னக் கண்டுபுடிச்சிருச்சு. அப்ப இங்க வர்ற எல்லாத்துக்குமே தெரியும். அப்படித்தானுங்களே?”

ஜன்னத்துக்குக் கொழுக்கட்டைச் சம்படம் ஞாபகம் வந்தது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றார்கள். பாவம் என்று பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறார்கள்.

“எங் கை தப்பா, எங் கை தப்பான்னு உங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன். இன்னும் கொஞ்சம் செய்யுங்கன்னீங்களே. அந்தக் கொஞ்சத்த நான் செய்யாததாலதான் எம்புள்ள இப்படிக் கெடக்கான்னு நெனச்சு நெனச்சு...”

“உங்க கையில ஒரு தப்பும் இல்லீங்க. உங்க கை இல்லாட்டி அவனுக்குத் தல நின்னிருக்காது. சத்தியமாச் சொல்றேன்.”

“இனிமே நீங்க சத்தியம் பண்ணி என்னங்க ஆகுது?” அஃபானை எடுத்து, காலை அகட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோபத்திலும் கை தானாகச் சரியாகத்தான் வைத்தது. “நடப்பானா?”

“தெரியலீங்க” என்றாள் ராமாமணி.

அந்தக் கூடத்தில் அவள் ஜன்னத்திடம் சர்க்கரை தடவாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

காந்திபுரத்தில் வழக்கம்போல் சஹீர் நின்றுகொண்டிருந்தான். கையில் தேங்காய் பன். “இன்னிக்கு என்ன செஞ்சான் எங்க தொர?” என்று மகனை வாங்கக் கை நீட்டினான். ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்பதுதான். அவளும் தலையை இவ்வளவு தூக்கினான், அந்தப் பக்கம் பார்த்தான் என்று வீடு சேரும்வரை அளப்பாள். இவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வருவான். அன்று அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்து எதையும் பேச அவளுக்கு மனமில்லை. கடைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

கடையின் பின்கட்டில் பஞ்சு குவிந்து கிடந்தது. வேலையாளைச் சாப்பிட அனுப்பிவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டிருக்க வேண்டும். அவள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, “ஒன்ன நெனச்சுத்தான் ஜன்னத்து” என்றான்.

“அன்னிக்கு அந்தக் கொழுக்கட்டைய எப்படிங்க முழுங்குனீங்க?”

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஏன் மறைத்தாய், எப்போது தெரியும், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்தது. பஞ்சு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“டாக்டரு அப்பவே சொல்லியிருந்தாரு, பின்னாடி வளைஞ்சு உழுந்தா அது உழுவுறதுல சேத்தியில்லன்னு. நீ தெருவுக்கே குடுத்துட்டு இருந்த. ஒரு நாளாச்சும் நீ சந்தோசமா இருக்கட்டுமேன்னு தின்னேன். ரெண்டாவது தொண்டையில நின்னுபோச்சு.”

“ஒங்கம்மா வாசல்ல நின்னு புள்ள வளக்கத் தெரியலன்னாங்க. உள்ளதான இருந்தீங்க?”

“அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வீடே எழவு வீடாயிரும்.”

“அதுக்கு நான் ஏச்சு வாங்குனா பரவால்ல.”

சஹீர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் குரல் உயர்ந்தது. “இது நான் கண்டுபுடிச்ச வழக்கமா? ஒங்க அத்தா மௌத்தானப்ப ரிஃபத்து கைப்புள்ளையோட மாமியா வீட்டுல இருந்துச்சு. நாப்பது நாளு மறைக்கலியா நீங்கல்லாம்? நீயே போன்ல பேசுன. அத்தா தூங்குறாருன்னு சொன்ன.”

உண்மைதான். அவள் தகப்பனார் அப்துல் கையூம் இறந்தபோது அக்கா ரிஃபத்துக்குப் பால் வற்றிவிடக்கூடாது என்று அத்தனை பேரும் சேர்ந்து மறைத்தார்கள். ஜன்னத்தும் மறைத்தாள். பால் கொடுக்கிறவளிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, அது பாட்டுக்கு நடக்கும். அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாளோ என்னவோ. ஆனால் அவள் அவன் இடத்தில் இல்லையே.

“மௌத்தானவர மறைச்சோம். அவருக்கு அதுல ஒண்ணும் கொறையல. எம்புள்ள உசுரோட இருக்கான். அவனுக்குத் தலயத் தூக்கறது மலயத் தூக்கற மாதிரின்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, தூக்குடா தூக்குடான்னு நான் அவன அதட்டியிருப்பனா? ரெண்டு நாளு அடிச்சேங்க. தொடையில. சோம்பேறின்னு சொல்லி அடிச்சேன்.”

சஹீர் தலையைக் குனிந்துகொண்டான். “நானும் தனியாத் தாங்கிட்டுத்தான் இருந்தேன் ஜன்னத்து.”

“தனியா எங்க இருந்தீங்க? டாக்டர் இருந்தாரு. ராமாமணி இருந்தாங்க. இன்னிக்கு வந்த மாசாணி வரைக்கும் ஆளு இருந்துச்சு. தனியா இருந்தது நாந்தான்.”

கல்யாணமாகி இவ்வளவு பேச்சு அவள் அவனிடம் பேசியதில்லை. பேசி முடித்ததும் மனது லேசாகும் என்பார்கள், அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அஃபான் அவள் மடியில் படுத்து, பறக்கும் பஞ்சை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அவள் உருட்டுத் தலையணையைத் தொடவில்லை. குளிக்கவைத்தாள், பால் கொடுத்தாள், துணி மாற்றினாள். பால் வற்றவும் இல்லை. ஆனால் பாய் விரிக்கவில்லை. தூளியில் போட்டு ஆட்டினாள். என்ன இன்னிக்கு அக்கப்போரையே காணோம் என்று மாமி கேட்டதற்கு, ஒங்க மவனைக் கேளுங்க என்றாள். அன்றிரவே சஹீர் அம்மாவிடம் சொல்லிவிட்டான். மாமி அழுதாள், தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள், ஜன்னத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சஹீர் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, வெறும் பாயையும் தூளியையும் மாறி மாறிப் பார்ப்பான். பயிற்சியை விடக்கூடாது, விட்டால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியும். அதை வாய்விட்டு அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. தூளிக்குள் அஃபானின் கால் மறுபடி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதை அவளும் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியுமா? ஒவ்வொரு வேளையும் அவள் கை அரித்தது.

அடுத்த புதன்கிழமை அவள் விடியலில் எழுந்து குளித்துப் புறப்பட்டாள். சஹீர் முகத்தில் உயிர் வந்தது. பையை எடுத்துக்கொண்டு காந்திபுரம் வரை வந்தான். மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் வந்து நின்றதும், எப்போதும்போல் அவளை ஏற்றிவிட நின்றான்.

“நீங்களும் ஏறுங்க” என்றாள்.

“நான் எதுக்கு? அங்க எல்லாம் பொம்பளைங்க...”

“ஏறுங்க.”

பஸ் கவுண்டம்பாளையம், துடியலூர் தாண்டிப் போயிற்று. கூடத்துக்குள் ஓர் ஆம்பளை நுழைந்ததும் அம்மாக்கள் மாராப்பைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். மாசாணியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். ராமாமணி சொல்லி விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவள் முகம் வாரம் முழுக்க அழுத மாதிரி இருந்தது. ஜன்னத்துக்கு அவள்மேல் கோபமில்லை. பக்கத்தில் போய் ரித்திகாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, “ஒக்காருங்க” என்றாள். ராமாமணி வேகமாக எதிரே வந்தாள். “வந்துட்டீங்க அம்மணி. வர மாட்டீங்களோன்னு...”

“வராம? எம்புள்ளைக்கு வேற எங்க போறதுங்க?” ஜன்னத் பாயை விரித்து, தலையணையை வைத்து, அஃபானைத் தூக்கி சஹீரின் கையில் கொடுத்தாள். “இனிமே இவங்களும் செய்வாங்க. எங்கிட்டச் சொன்னதெல்லாம் இவங்ககிட்டயும் சொல்லிக் குடுங்க. என்னத்துக்குன்னும் சேத்துச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். சஹீர் பாயில் மண்டியிட்டான். தலைமயிரில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. அத்தனை பெண்களுக்கு நடுவே காதெல்லாம் சிவந்து போயிருந்தது. மகனைக் கக்கத்தில் பிடித்துத் தலையணைமேல் கவிழ்த்தான். பிடி தப்பு. கால் இரண்டும் உடனே பின்னிக்கொண்டன, முதுகு வளைந்தது, தலை பின்னால் போயிற்று. அஃபான் வீறிட்டான். சஹீர் பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தான். இன்னும் வளைந்தான்.

“முட்டிய மடக்கோணுங்க, மொதல்ல முட்டிய” என்றாள் ராமாமணி. சஹீர் காலைத் தேடினான். எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. மெத்தை தைத்துத் தழும்பேறிய விரல்கள் பிள்ளையின் தொடையில் வழுக்கின. ராமாமணி குனிந்து தன் கையை நீட்டினாள்.

“உடுங்க” என்றாள் ஜன்னத் சுவரோரத்திலிருந்து. “அவங்களே செய்யட்டும்.”

ராமாமணி கையை இழுத்துக்கொண்டாள். சஹீர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. வா, வந்து வாங்கிக்கொள் என்று அந்தப் பார்வை கெஞ்சிற்று. ஜன்னத்தின் கைகள் அவளைக் கேட்காமலே மடியிலிருந்து எழும்பின. அவள் அவற்றை இழுத்து, இரண்டு தொடைகளுக்கும் அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தான்.